யோகு அண்ணனின் கட்டை விரல்

“…தேய்ச்சதுனாலதான் வந்துச்சா, தேய்க்காம வுட்டுருந்தா என் தம்பி இன்னைக்கு இருந்துருப்பானா, நாலு எழுத்துப் படிச்சவ நீ, அத மட்டும் சொல்லிட்டுப் போ” என்றார் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்கா. கல்யாண வீட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த தேசிக்காய்த் தண்ணீரைத் தொடாமல் என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார். அந்த எலுமிச்சைப் புளிப்பு வாசம் மூக்கில் ஏறியதும், சித்தி மகளின் கல்யாணத்துக்காக றொசல்லப் பக்கத்து எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்த நான், ஒன்பது வயதுப் பிள்ளையாகி ஒரு சனிக்கிழமை, மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் போய் நின்றுவிட்டேன்.

பாக்கியம் அக்காவின் தம்பி யோகு அண்ணன். ‘இடிமுழக்கம்’ என்று ஒரு ரொக் இசைக்குழு எங்கள் தோட்டத்தில் இருந்தது என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு கிட்டார், ஒரு ட்ரம்ஸ், இவர்களுக்கு நடுவில் யோகு அண்ணனின் ‘ஓகன்’. கீபோர்டு என்ற பெயரெல்லாம் பிற்பாடு வந்தது. எங்களுக்கு அது ஓகன்தான், அவர் ‘ஓகன் யோகு’தான். வானொலியில் கேட்ட இங்கிலீசுப் பாட்டுகளின் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, அதற்குள் கொழுந்தும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டும் கங்காணியும் வருகிற மாதிரி இவர்களாகவே வரிகளைப் போட்டு, தலையை ஆட்டி ஆட்டிப் பாடுவார்கள். “பேரு வச்சது சரிதான், வூட்டுத் தகரமெல்லாம் அதிருது” என்று என் அப்பா திட்டுவார். திட்டிக்கொண்டே முதல் ஆளாய்ப் போய் முன்வரிசையில் உட்காருவார். அந்தக் கூச்சலுக்கு நடுவில் கிட்டார்கள் களைத்துப்போய் ஓய்கிற ஒரு கணம் வரும். அப்போது ஓகன் மட்டும் தனியாக, மழை விட்ட பிறகு தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் போல, ஒவ்வொரு சுரமாய் விழும். அதைக் கேட்கத்தான் கிழடுகட்டைகள்கூட உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அவருக்குப் பகலில் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் வேலை. வாடிய கொழுந்தை மெஷின் கசக்கிக் கொட்ட, அந்த ஈரத்தை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போடவேண்டும். அந்தச் சாறு பட்ட கை ஒரு வாரத்தில் மண்ணிறமாகும், ஒரு மாதத்தில் கரியாகும். கொழுந்து பறிக்கிற எங்கள் அம்மாக்களின் விரல்களும் அப்படித்தான் இருக்கும். நகம் வெள்ளையாக இருக்கிறவர்கள் துரை வீட்டு ஆட்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. யோகு அண்ணனுக்கோ ஒரு வீம்பு. வெள்ளைக் கட்டைகளின் மேல் கறுத்த விரலோடு மேடையில் உட்காரமாட்டார். அதனால் நிகழ்ச்சி இருக்கிற நாளில், பீலியில் கொட்டுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் தம்பியை உட்காரவைத்து, தேசிக்காய்த் தோலில் சாம்பலைத் தொட்டு, பாக்கியம் அக்கா ஒவ்வொரு விரலாய்த் தேய்த்துவிடுவார். தாயில்லாத தம்பியை வளர்த்த கை அது. தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு நின்று கேலி பேசுவார்கள்.

“ஏன்டி பாக்கியம், மாப்பிள்ளைக்கு நலுங்கு வைக்கிறியா?”

“ஒனக்கென்னடி வயித்தெரிச்சல்? ஒன் புருசனையும் கூட்டிட்டு வா, தேய்ச்சு வுடுறேன்.”

“அந்த ஆளு மொகத்தத் தேய்க்க ஒரு மூட்ட தேசிக்கா வேணுமே!”

அப்படித் தேய்க்கும்போதுதான் வலது கட்டை விரல் நகத்துக்குள் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. பென்சிலால் இழுத்தது போன்ற மெல்லிய கோடு. மற்ற ஒன்பது விரல்களும் வெளுத்தன, அது மட்டும் வெளுக்கவில்லை. “கொழுந்துக் கறைதான், கொஞ்சம் புடிவாதம் புடிக்கிது” என்று பாக்கியம் அக்கா சொன்னார். சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். தங்கள் பத்து விரலிலும் கறையைச் சுமந்துகொண்டு நிற்கிறவர்களுக்கு அதைத் தவிர வேறு என்ன தோன்றும்? மாதங்கள் போக, கோடு தடித்தது. நகத்தைத் தாண்டித் தோலிலும் நிழல் போல இறங்கியது. அக்கா இன்னும் அழுத்தித் தேய்த்தார். ஒருமுறை இரத்தம் கசிந்தது. “போதும் அக்கா, கட்ட வெரலையே தேய்ச்சு எடுத்துறாத” என்று அவர் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தத் தைப்பொங்கல் முடிந்த வாரம் எனக்குக் காதில் சீழ் வந்து, அம்மா என்னை ஹட்டன் டவுனில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனார். அங்கே சுவரோரம் போட்டிருந்த வாங்கில் யோகு அண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னைக் காட்டி முடித்ததும், “தம்பி, புள்ளைய பாத்துக்க, மருந்து வாங்கிட்டு வந்துறேன்” என்று அம்மா கடைக்குப் போய்விட, அவருடைய முறை வந்தபோது என்னையும் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். டொக்டர் சிங்களவர், எங்களிடம் தமிழில்தான் பேசுவார். நகத்தை விளக்கடியில் நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்குளில் கை வைத்துப் பார்த்தார்.

“தம்பி, இது கறை இல்லை. தோல்ல வர்ற கேன்சர் மாதிரி இருக்கு. கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கடுதாசி தாறேன். இந்த வாரம் போங்க. விரல் எடுக்க வேண்டி வரும், ஆனா உயிருக்கு நல்லது.”

“கட்ட வெரலா டொக்டர்?”

“கட்டை விரல்தான்.”

“அக்கா தேய்ச்சுத் தேய்ச்சு வந்துச்சா?”

“இல்லை, இல்லை. தேய்க்கிறதால வர்ற நோய் இல்லை இது.”

வெளியே வந்து பேக்கரியில் எனக்கு ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தார். கடுதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்தபடியே, “குட்டி, யாருக்கும் சொல்லக்கூடாது. அம்மன் திருவிழா முடிஞ்ச மறுநாளே போயிருவேன். இப்பவே தெரிஞ்சா அக்கா என்னய வாசிக்க வுடாது” என்றார். நான் பணிஸை மென்றுகொண்டே யோசித்திருக்க வேண்டும். அவர் விலையை உயர்த்தினார். “திருவிழா அன்னைக்கு நீதான் ஸ்டேஜுல வந்து ஓகன் பட்டன அமுக்குற. நீ அமுக்குனாத்தான் தாளம் வரும்.”

அந்த ஓகனில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதைத் தொட்டால் தாளம் தானாகவே ஓட ஆரம்பிக்கும். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதன் மேல் கண். ஒன்பது வயதில் என் வாயை மூட அது போதுமானதாக இருந்தது. “நகத்தால கிள்ளுறத கோடாலிக்கு வுடாத” என்று எதற்கெடுத்தாலும் சொல்கிற அப்பா அன்றைக்கும் வீட்டில் எதற்கோ அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

திருவிழாவில் நான் மேடையேறினேன். புதுப் பாவாடை, தலை நிறைய கனகாம்பரம். சிவப்புப் பொத்தானை அமுக்கியதும் தாளம் ஓடியது, மொத்தத் தோட்டமும் கை தட்டியது, எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். யோகு அண்ணன் அன்றைக்கு வாசித்தது போல அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் இல்லை. கட்டை விரலைத் தொட்டுத் தொட்டு எடுத்தார், அடுப்பில் இருக்கிற சட்டியைத் தொடுகிற மாதிரி.

மறுநாள் அவர் போகவில்லை. சித்திரையில் வட்டவளையில் ஒரு கல்யாணம், அதற்குப் பிறகு தலவாக்கலையில் ஒரு கோயில், அதற்குப் பிறகு ஒரு வாரம் மழை. நான் வழியில் பார்க்கும்போதெல்லாம் “இதோ குட்டி, இந்தக் கெழம” என்பார். ஆடியில் நகம் வெடித்து, அக்காவே இழுத்துக்கொண்டு கண்டிக்குப் போனபோது, நோய் விரலோடு நிற்கிற கட்டத்தைத் தாண்டியிருந்தது. கட்டை விரலை எடுத்துவிட்டு, கட்டுப் போட்ட கையோடு வந்த அண்ணன், அந்த நிலையிலும் ஒருநாள் ஓகனை மடியில் வைத்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார். “கட்ட வெரலுதான் இவ்வளவு நாளும் தலைவரு. தலைவரு போனதும் மெம்பருங்க எப்புடி வேல செய்றாங்க பாத்தீங்களா?” என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். தீபாவளிக்கு முன்பே அவரைத் தேயிலை மலைக்கு மேலே இருக்கிற மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ‘இடிமுழக்கம்’ அதற்குப் பிறகு எங்கும் வாசிக்கவில்லை.

“ஒல வாய மூடலாம், ஊரு வாய மூட முடியாது” என்பார்கள். துக்க வீட்டிலேயே அது திறந்துவிட்டது. தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கினாள், புண் புற்றாகிப் போய்விட்டது என்று பேச்சு எழுந்தது. பீலியில் நின்று ஆமாம் போட்ட அதே வாய்கள்தான். ‘தேசிக்காப் பாக்கியம்’ என்று பெயரே வந்தது. பிள்ளைப்பேற்றுக்கு, தலைக்குத் தண்ணீர் வார்ப்பதற்கு, சின்னப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதற்கு என்று முன்பெல்லாம் அவரைக் கூப்பிட்டவர்கள், ‘அந்தக் கை வேணாம்’ என்று ஒதுங்கினார்கள். நானோ முதலில் பயத்தில் வாயை மூடினேன். பிறகு, இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்பார்களே என்று மூடினேன். பிறகு ஹட்டனில் தையல் கடை, கல்யாணம், பிள்ளைகள் என்று தோட்டத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டேன்.

இப்போது தொழிற்சாலை பூட்டிக் கிடக்கிறது. கொழுந்தை லொறியில் ஏற்றி வேறெங்கோ கொண்டுபோகிறார்கள். வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதால் பீலியில் புல் முளைத்திருக்கிறது. பாட்டுக்கு ஆள் தேவையில்லை. கல்யாணத்துக்கு வந்திருந்த டீஜே பையன் ஒரு மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டும் வாசலில் தானாகக் குதித்துக்கொண்டிருந்தன. எல்லாம் போய்விட்டது, பாக்கியம் அக்காவின் கேள்வி மட்டும் போகாமல் என் எதிரே உட்கார்ந்திருந்தது.

சொல்லிவிட்டேன். டொக்டர் சொன்னதை, கடுதாசியை, பணிஸை, பொத்தானை, ஒன்றையும் விடாமல்.

“திருவிழாவுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரியுமா?”

“பொங்கல் முடிஞ்ச வாரமே தெரியும்க்கா.”

“தேய்ச்சு வர்ற நோயி இல்லன்னு டொக்டரு வாயால சொன்னாரா?”

“அண்ணன்தான் கேட்டாரு. இல்லன்னு ரெண்டு தரம் சொன்னாரு.”

“ஒனக்கும் அப்பவே தெரியும்.”

“தெரியும்க்கா.”

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். அக்கா எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, என் மணிக்கட்டை இறுகப் பிடித்து, கல்யாணக் கூட்டத்தைக் கடந்து கல்யாண வீட்டு வாசல் நடுவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். அங்கே என்னை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகிற வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். சட்டென்று விழுந்த அமைதியில் மொத்த லயமும் திரும்பிப் பார்க்க, “ம், இப்ப சொல்லு” என்றார்.