பளிச்சென்ற கோதுகள்

செலஸ்ரீனா துடைத்த வீட்டில் தூசி தேடுகிறவன் முட்டாள். இத்தாலியில், அல்பெர்கேரியாப் பகுதியில் குடியிருந்துகொண்டு, சிஞ்ஞோரா என்று அழைக்கப்படும் பணக்கார எசமானிகளின் வீடுகளில் வருடக்கணக்காகப் பித்தளைக் கைபிடிகளை மினுக்கி வருகிறவள். இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும் அவள் செய்த முதல் காரியம், துப்பாக்கிச் சுடும் கழகத்தில் சேர்ந்ததுதான். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். இவள் துவக்கைத் தேடிப் போறாள்" என்று கோயில் வாசலில் மன்னார்ப் பெண்கள் அவளை வாயில் போட்டு மென்றார்கள். மெல்லட்டும். துவக்கின் முன்னால் நின்று நடுங்கியவளுக்கு, ஒருமுறை அதன் பின்னால் நிற்க வேண்டும் என்றிருந்தது. நின்ற பிறகு அங்கிருந்து அவளை யாராலும் அசைக்க முடியவில்லை.

தோட்டாவையும் முறைப்படி அவளே வீட்டில் நிரப்பினாள். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைக் கழுவி, அளவுக்கு இறுக்கி, வெடிமருந்தும் குண்டும் வைத்தால் மறுபடி சுடலாம். ஆனால் இந்த வருடம் குண்டைப் பிடித்திருக்கும் கோதுகளின் கழுத்து கீறல் விட்டு வெடிக்கத் தொடங்கியது. கழக அணியைப் பார்த்துக்கொள்ளும், தானும் அதில் சுடும் சால்வோ முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்:

"இன்னும் ஒன்று வெடித்தால் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் உனக்கு இடமில்லை."

அவள் விடுகிற ஆளா? கழுத்தை இறுக்கும் அச்சைச் சந்தேகப்பட்டு மாற்றினாள். பித்தளை விறைத்துப்போயிருக்கும் என்று கழுத்தை நெருப்பில் காட்டி இளக்கினாள். அழுக்குத்தான் காரணமோ என்று இன்னும் நன்றாகக் கழுவினாள். கழுவக் கழுவ வெடிப்புக் கூடியது.

வெள்ளிக்கிழமை, நிரப்பி வைத்த பெட்டியைத் திறந்தவள் திகைத்துப் போனாள். சுடாத தோட்டா ஒன்றின் கழுத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"இஞ்சேருங்கோ, இதை நான் சுடவேயில்லை. பிறகெப்பிடி வெடிச்சது?"

கணவன் பீலிக்ஸ் மூக்கைச் சுளித்தான். "எனக்கென்ன தெரியும்? நீர் கழுவேக்கை வாற மணத்திலை என்ரை கண்ணெல்லாம் எரியுது. சிஞ்ஞோரா வீட்டிலை பித்தளைக்குப் போடுறதுதானே அது?"

அமோனியா. கைபிடியில் பூசி உடனே துடைத்தெடுக்கும் அதே திரவத்தில் கோதுகளை மணிக்கணக்காக ஊறவிட்டிருந்தாள். அது இறுக்கத்தில் நிற்கும் பித்தளையைத் தானாகவே பிளக்கச் செய்யும் என்று ஃபோனில் தேடியதுமே வந்தது. அச்சு, பித்தளை, அழுக்கு என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டவள், தன் கையை மட்டும் பார்க்கவில்லை. தன் கெட்டித்தனத்தை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பிறகுதான் மற்றது நினைவுக்கு வந்தது. உயிர்த்த ஞாயிற்றுப் பண்டிகைக்கு, சால்வோவின் கோதுகளையும் அன்பளிப்பாக அப்படியே கழுவிக் கொடுத்திருந்தாள். போட்டிக்கு அவன் அவற்றில்தான் தோட்டா நிரப்பியிருப்பான்.

அவளிடம் ஒருமுறை மட்டும் சுட்டு, கழுவ நேரமில்லாமல் கரியோடு போட்டிருந்த புதுக் கோதுகள் கொஞ்சம் கிடந்தன. துணியால் துடைத்து அவற்றை நிரப்பினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அணியில் இடம் நிச்சயம். ஆனாலும் சனிக்கிழமை காலை அந்தத் தோட்டாக்களோடு நேரே சால்வோவிடம் போனாள்.

"உன் தோட்டாக்களைச் சுடாதே. நான் கெடுத்துவிட்டேன்."

சால்வோ சிரித்தான். "என்னுடையது ஒன்றும் வெடிக்கவில்லையே!"

"பெட்டியைத் திற."

பூதக்கண்ணாடியோடு இருவரும் குனிந்தார்கள். மூன்றாவது தோட்டாவில் அவன் சிரிப்பு நின்றது.

"என்னை அணியிலிருந்து எடுத்துவிடு" என்றாள். "ஆனால் இதைத் துப்பாக்கியில் போடாதே."

அவன் அவளுடைய கரிபிடித்த தோட்டாக்களை வாங்கி, ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தான்.

"நாளைக்குச் சுட என்னிடம் தோட்டா இல்லை. நீயும் விலகினால் அணியே இல்லை" என்றான் கடைசியில். "கெடுத்தவள் நீதானே? இரண்டு பேருக்கும் சேர்த்து நீயே சுடு."

ஞாயிற்றுக்கிழமை அவள் சுடுதளத்தில் விரித்த பாயில் குப்புறப் படுத்து, ஒன்றையும் நினைக்காமல் இலக்கை மட்டும் பார்த்துச் சுட்டாள். முடிந்ததும் சால்வோ வந்து சூடு ஆறாத கோதுகளைப் பொறுக்கி, ஒவ்வொரு கழுத்தையும் நகத்தால் தடவினான். ஒன்றுகூட வெடிக்கவில்லை.

"புதுக் கோது வாங்கப் போகிறேன்" என்றான். "அதையும் நீதான் கழுவித் தர வேண்டும்."

புள்ளிகளை வாசித்தபோதுகூட அழாதவள், அப்போது அழுதுவிட்டாள்.