துண்டு போட்ட சீட்டும் நின்றுபோக இருந்த கல்யாணமும்

மேல்வீட்டு ரேவதி காலையில் வந்து, இரண்டாவது சிலிண்டருக்கும் புக் பண்ணிவிட்டதாகச் சொன்னாள். எதுக்கும்மா என்று கேட்டேன்.

"டிவி பாக்கலியா டீச்சர்? எங்கயோ ரெண்டு நாடு அடிச்சிக்கினு இருந்துச்சி, இப்ப எல்லாரும் எறங்குறாங்களாம். உலகப் போரே வரும்ன்றாங்க."

டிவியைப் போட்டால் வரைபடம் முழுக்கச் சிவப்பு அம்புக்குறி. இவருக்கு அவர் துணை, அவருக்கு இன்னொருத்தர் துணை. நியாயமாக எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்து தொலைத்தது. அதே மாதிரி அம்புக்குறிகளை நானும் ஒரு காலத்தில் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். அவை அத்தனையும் வந்து முட்டிக்கொண்டு நின்றது என் கல்யாணத்தில்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு டுடோரியலில் வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே உரக்கடை, மாடியில் நாங்கள். இன்றைக்கும் பூச்சிமருந்து நாற்றம் வந்தால் எனக்கு முதல் உலகப் போர்தான் ஞாபகம் வரும், என்ன செய்ய! படிக்க வருகிறவர்கள் பத்தாவதில் கோட்டை விட்டவர்கள். அவர்களில் அஞ்சலை என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, விற்பாள், சாயங்காலம் மிச்சக் கூடையோடு வகுப்புக்கு வருவாள். பத்தாவது பாஸ் பண்ணினால் அங்கன்வாடியில் வேலை கிடைக்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஓர் இளவரசரைச் சுட்டார்கள், அதிலிருந்து போர் பரவியது என்று நான் நோட்ஸைப் பார்த்து ஒப்பித்ததும் அவள் கையைத் தூக்கினாள்.

"சுட்டது ஒரு ஆளை. அதுக்கு எதுக்கு மிஸ் ஒலகமே அடிச்சிக்கினு சாவணும்?"

"ஒப்பந்தம்மா. ஒருத்தருக்கொருத்தர் ஒப்பந்தம் போட்டு வெச்சிருந்தாங்க" என்றேன். சத்தியமாக எனக்கும் அதற்குமேல் தெரியாது.

தெரிய வைத்தவர் எங்கள் ஏழுமலை மாமா, அம்மாவின் தம்பி. ஊர் அனந்தபுரம். எனக்கு வல்லத்தில் மாப்பிள்ளை பார்த்து, தாம்பூலமும் மாற்றியாகிவிட்டது. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை பேர் சேகர், விழுப்புரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். அவர் மட்டும், "பசங்க உங்க பாடத்துல தூங்குவாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பிடித்துவிட்டது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

பஸ்ஸில் துண்டு போடுவது பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்கித்தான் ஆக வேண்டும். வண்டி ஸ்டாண்டில் நுழையும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீச வேண்டும். துண்டு எந்தச் சீட்டில் விழுகிறதோ அது நம் சீட்டு. கோர்ட்டுக்குப் போனாலும் அதுதான் தீர்ப்பு. கல்யாணத்துக்கு மளிகை விலை விசாரிக்கத் திண்டிவனம் வந்த மாமா, திரும்பும்போது அப்படித்தான் துண்டு போட்டார். அதே சமயம் முன்பக்கமாக ஏறிய ஒரு மனுஷர் அந்தச் சீட்டிலேயே மஞ்சப்பையை வைத்துவிட்டார். மாமா பையைத் தூக்கி வெளியே கடாசினார். அந்த மனுஷர் துண்டைக் கீழே போட்டு மிதித்தார். எங்கள் பக்கம் தோள் துண்டை மிதிப்பது ஆளை மிதிப்பதற்குச் சமம்.

மிதித்தவர் வல்லத்துக் கோவிந்தசாமி. மாப்பிள்ளைக்குச் சித்தப்பா, அவர் அம்மாவின் தங்கை புருஷன். தாம்பூலத்துக்கு அவர் வராததால் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லை. மூன்றே நாளில் தெரிந்துவிட்டது.

"அந்தாளு பந்தல்ல கால் வெச்சா நான் வரமாட்டேன்" என்றார் மாமா. தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று அம்மா அழுதாள். அங்கே சித்தி போய்த் தன் அக்காவிடம் மூக்கைச் சிந்த, மாப்பிள்ளையின் அம்மா தாம்பூலத்தைத் திருப்பித் தரப்போவதாகச் சொல்லி அனுப்பினார். சமையல்காரர் மாமாவுக்குப் பங்காளி, வர முடியாது என்றார். பனமலைப் பந்தல்காரர் வல்லத்தில் பெண் கொடுத்தவர், அவரும் கழன்றுகொண்டார். இவர்களில் ஒருவருக்கும் அந்தச் சீட்டோடு சம்பந்தமே கிடையாது. ஆனால் அவரவர் ஆளை விட்டுக்கொடுக்க முடியாதே! இரண்டு வீட்டிலும் சாப்பிட்ட மேளக்காரர் மட்டும் எதற்கும் பிடிகொடுக்காமல் இருந்தார்.

ஒருநாள் வகுப்பில் பாடம் எடுக்கவே முடியவில்லை. துண்டையும் மஞ்சப்பையையும் மிதித்ததையும் சொல்லி, சாக்பீஸை எடுத்து மாமா, சித்தப்பா, அம்மா, சமையல்காரர் என்று எழுதி அம்புக்குறி போட்டேன். "இப்படித்தான் உலகப் போர் வந்துச்சி" என்றேன்.

அஞ்சலை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ், துண்டு, மஞ்சப்பை சண்டையா? நான் அங்கதான் வித்துக்கினு இருந்தேன். ரெண்டு பேரும் செஞ்சி பக்கம் போறவங்கதான?"

"ஆமா."

"அது மரக்காணம் போற வண்டி மிஸ்! செஞ்சி போர்ட மாத்தாம கெடந்துச்சி. கண்டக்டரு ரெண்டு பேரையும் எறக்கி வுட்டுட்டாரு. மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு ஆளுக்கொரு பக்கம் போனாங்க."

மேற்கே போக வேண்டியவர்கள், கிழக்கே போகிற வண்டியில் சீட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறார்கள்! இரண்டு பேருமே வீட்டில் இதை மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அனந்தபுரம் போனேன். மாமா கேப்பைக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னிக்கித் துண்டு போட்டீங்களே, அது எந்த ஊரு வண்டி?"

களி தொண்டையில் நின்றது. அம்மா காதில் விழுந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஒனக்கு யார்றீ சொன்னது?" என்று குசுகுசுத்தார்.

"அத வுடுங்க. கல்யாணத்துக்கு வர்றீங்களா, இல்ல ஊருக்கே சொல்லட்டுமா?"

முதலில் முறைத்தார். அப்புறம் தோள் குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனுஷருக்கு. "வர்றேன். வாயத் தெறந்துடாத தாயி" என்றார். மறுநாள் நான் பட்டறைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்ல, சேகர் அன்றைக்கே வல்லம் போய்ச் சித்தப்பாவிடம் அதே கேள்வியைக் கேட்டார். அங்கேயும் அதே முறைப்பு, அதே சிரிப்பு. மறுவாரம் சமையல்காரர் வந்தார், பந்தல்காரர் வந்தார். தங்கள் பிடிவாதத்தால்தான் எதிர்த்தரப்பு இறங்கி வந்தது என்று இரண்டு வீட்டிலும் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொள்ளட்டும்.

முகூர்த்தத்தன்று இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். சித்தப்பாதான் வாயைத் திறந்தார்: "அப்புறம் செஞ்சி வண்டி கெடைச்சுதா?"

"கெடைச்சுது. நின்னுக்கினே போனேன்" என்றார் மாமா.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏனென்று கூட்டத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. அதற்கப்புறம் எந்த விசேஷத்திலும் அவர்களைத் தனித்தனிப் பந்தியில் பார்த்ததில்லை. அஞ்சலையும் பாஸ் பண்ணி அங்கன்வாடிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

உரக்கடை மாடியில் இப்போது செல்போன் கடை. மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. போன வருஷம் விழுப்புரத்தில் என் மகள் கல்யாணம். ஏசி மண்டபம், ஒரு குறை சொல்ல முடியாது. சேகர் அக்கா மகன் வரவில்லை, "லைவ்ல பாத்துக்கறேன் அத்தை" என்று மெசேஜ் போட்டான். என் தம்பி வந்த வேகத்தில் கவரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். யார் வந்தார், யார் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பந்தியில் ஒரு வரிசை இலை ஆளில்லாமல் அப்படியே கிடந்தது. அன்றைக்கு யாருமே கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.