பிரின்சிபால் சொன்ன காரணம்

அடுத்த வருடம் மகளின் பள்ளியில் ஏபி ஃபிசிக்ஸ், அதாவது கல்லூரித் தர இயற்பியல் வகுப்பு, கிடையாதாம். அதற்காகவே இரண்டு வருடம் காத்திருந்தவள் அவள். எங்கள் காப்பெல் ஊர்த் தமிழ் அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் ஆளுக்கொரு சதிக் கதை.

இன்று காலை பிரின்சிபாலிடமே கேட்டேன். மழுப்புவார் என்றுதான் நினைத்தேன்.

“முடிவு என்னுடையது. அதை எடுக்க இருப்பது ஒரே ஆசிரியர். அல்ஜீப்ராவில் தவறியவர்களுக்கு அவரைக் கொடுத்துவிட்டேன். உங்கள் மகளுக்கு நஷ்டம்தான்” என்றார் ஆங்கிலத்தில். வகுப்பு ஒதுக்கீட்டுத் தாளையும் திருப்பிக் காட்டினார்.

காரில் ஏறியதும் அதை அப்படியே குழுவில் எழுதினேன்.

உடனே சுதாவின் குரல் செய்தி: “இவ்ளோ ஓப்பனா சொல்றாருன்னா உள்ள வேற என்னமோ இருக்கு மாலதி. ரியல் ரீசன் கேட்டீங்களா?”

சிரித்தேன். ஆனால் வண்டியைக் கிளப்பாமல் நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பிரின்சிபால் எப்படிச் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள்?