மாமா சுடாத பன்றி

வாழ்க்கையில் ஒரே ஒரு காட்டுப்பன்றியைத்தான் நேருக்கு நேர் சந்தித்திருக்கிறேன். அப்போது அது தரையில் நின்றது. நான் பன்னிரண்டு அடி உயரத்தில், பரண்மேல், துப்பாக்கி வைத்திருந்த தாய்மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எப்படிப் பார்த்தாலும் பயந்திருக்க வேண்டியது பன்றிதான். இதை யாரும் அதற்கு எடுத்துச் சொல்லவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஜெர்மனியில், ஆஹென் பல்கலைக்கழகத்தில் அப்பா இரும்புத் துண்டுகளை உடைத்து, அவை ஏன் உடைந்தன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். வீட்டில் நானும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவருக்கு உதவித்தொகை கிடைத்தது, எனக்கு உதை கிடைத்தது. வயது ஒன்பது. மூன்று வயதிலேயே அங்கே போய்விட்டதால் ஜெர்மன் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் எனக்கிருந்த ஒரே மரியாதையும் அதனால் வந்ததுதான். தபால்காரர் வந்தாலும், குழாய் ரிப்பேர்க்காரர் வந்தாலும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவர்கள் பத்து நிமிடம் பேசுவதை நான் பத்து வார்த்தையில் முடித்துக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடுவேன். யாரும் புகார் சொன்னதில்லை. சொல்ல வீட்டில் மற்றவர்களுக்கு அவ்வளவு ஜெர்மன் தெரியாதே.

அந்த வருடம் அம்மாவின் தம்பி திருப்பூரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். பனியன் பின்னும் இயந்திரங்களுக்கு ஊசி செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு ஆறு மாதப் பயிற்சி. பகலெல்லாம் ஊசியைப் பார்த்துவிட்டு வருவதாலோ என்னவோ, மாலையில் பெரிய பெரிய விஷயங்களாகத்தான் பேசுவார். ஊரில் சோளக்காட்டில் தன்னந்தனியாகக் காட்டுப்பன்றியை எதிர்த்து நின்ற கதையை அவர் எனக்கு மூன்று முறை சொன்னார். முதல் முறை பன்றி கன்றுக்குட்டி அளவு இருந்தது. மூன்றாம் முறை சொல்லும்போது அது அம்பாஸடர் காருக்குச் சற்றுக் குறைவு. ஊர் வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது உண்மை. அதைக் கிளி விரட்டத்தான் வைத்திருந்தோம் என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார். மாமாவுக்கு அப்போது மட்டும் காது கேட்காது.

இந்தக் கதையை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் பெண் பார்க்கப் போன இடத்திலும் சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா ஆனைமலை அடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். வாசல் நிலைக்கு மேலே பன்றியின் கோரைப்பற்களை வரிசையாகப் பதித்து வைத்திருந்தாராம். கதையைப் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப ஜெர்மனியில இருந்து நம்ம வாசலுக்கு ஒரு பல்லு கொண்டாங்க மாப்ள, பாக்கலாம்" என்றிருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். ஆனால் கல்யாணத் தேதியை மட்டும் சொல்லவில்லையாம்.

பெண்ணின் படம் மாமாவின் பர்ஸில் இருந்தது. பேருந்துக்குச் சில்லறை எடுக்கும் சாக்கில் அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்ப்பார். எங்களிடம் பேருந்து பாஸ் இருந்தது.

தொழிற்சாலைக்காரர் ஒருவர்தான் வழி சொன்னார். பக்கத்து ஐஃபல் மலைக்காட்டில் கட்டணம் கட்டினால் வெளியாரும் வேட்டைக்குப் போகலாம், காட்டுக்குப் பொறுப்பான அதிகாரி, ஃபோர்ஸ்டரே கூட்டிக்கொண்டு போய் இடம் காட்டுவார். மாமாவின் ஊர் லைசென்ஸை வைத்து அனுமதிச் சீட்டு வாங்க அப்பா இரண்டு அலுவலகம் அலைந்தார். விதிகள் எழுதிய தாள் வந்தது. நான் படித்துச் சொன்னேன். காட்டுக்குள் கால் வைக்க ஒரு தொகை. பன்றி விழுந்தால் அதன் அளவுக்குத் தக்கபடி இன்னொரு தொகை. பல், சுட்டவருக்கே சொந்தம். கறி வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். "ஏண்டா தம்பி, நாமளே காசு குடுத்து, நாமளே சுட்டு, பொறவு நாம சுட்ட பன்னிய நாமளே காசு குடுத்து வாங்கோணுமா?"

"கறி யாருக்குக்கா வேணும்? பல்லு கெடைச்சாப் போதும்."

"பல்லு வேணும்னா பல் டாக்டர்கிட்டப் போடா."

ஃபோர்ஸ்டருக்கு ஆங்கிலம் தெரியாது, மாமாவுக்கு ஜெர்மன் தெரியாது. ஆகவே நான் போயே தீர வேண்டும் என்று முடிவாயிற்று. நான் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நவம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், அம்மா கட்டிக்கொடுத்த ஒரு டப்பா புளியோதரையோடு, முதல் பேருந்தில் கிளம்பினோம்.

ஃபோர்ஸ்டர் கதவளவு அகலமான மனிதர். மீசையைத் தனியாக வளர்த்து அதற்குப் பின்னால் அவர் குடியிருந்தார். முதலில் மாமா ஒரு பலகைமேல் வரைந்த பன்றியைச் சுட்டுக் காட்ட வேண்டும். பணம் கட்டி வருகிற எல்லோருக்கும் அந்தச் சோதனை உண்டு. மாமா அவர் கொடுத்த துப்பாக்கியைத் தூக்கினார், கண்ணை மூடினார், சுட்டார். குண்டு பன்றியின் தோள்பட்டையில் நட்டநடுவே பாய்ந்திருந்தது. ஃபோர்ஸ்டர் தலையாட்டினார். அங்கிருந்தவர்களில் ரொம்பவும் ஆச்சரியப்பட்டவர் மாமாதான்.

பிறகு வேட்டைக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்து ஃபோர்ஸ்டர் நீண்ட உரை ஒன்று ஆற்றினார். ஆட்களும் நாய்களும் ஒரு பக்கமிருந்து காட்டைக் கலைத்துக்கொண்டு வருவார்கள். மற்றவர்கள் அவரவர் பரணில் காத்திருக்க வேண்டும். கொம்பு ஊதும்வரை இறங்கக்கூடாது. ஏணியில் ஏறும்போதும் இறங்கும்போதும் துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது, மேலே உட்கார்ந்த பிறகுதான் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குட்டிகளோடு வரும் தாய்ப்பன்றியைத் தொடக்கூடாது. அதைச் சுட்டவன் தண்டமும் கட்டுவான், அந்தக் காட்டுக்குள் மறுபடி காலும் வைக்க மாட்டான்.

"என்ன சாமி சொல்றாரு?" என்றார் மாமா.

"மேல ஏறோணுமாம். ஏறுனப்பறம் குண்டு போடோணுமாம். ஊதுனா எறங்கோணுமாம்."

"அவ்ளோதானா? இத்தன நேரம் பேசுனாரே?"

"அவ்ளோதான் மாமா."

எனக்கு அப்போது மூக்கு உறைந்துபோயிருந்தது. தாய்ப்பன்றியைப் பற்றிப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

எங்கள் பரணடியில் ஃபோர்ஸ்டர் மூன்று தோட்டாக்களை எண்ணி மாமாவின் கையில் வைத்தார். ஏறும்போது விழுந்துவிடாமலிருக்க மாமா அவற்றைக் கைக்குட்டையில் வைத்து, இரட்டை முடிச்சாக இறுக்கி, கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டார். ஃபோர்ஸ்டர் எங்களை வாழ்த்திவிட்டு மூடுபனிக்குள் போய்விட்டார். நாங்கள் ஏறினோம். ஏணிக்குப் பதினோரு படிகள். ஏன் எண்ணினேன் என்றால், பன்றிக்கு எத்தனை நேரம் பிடிக்கும் என்று தெரிய வேண்டாமா?

"மாமா, பன்னி ஏணி ஏறுமா?"

"ஏறாது சாமி."

"பசியா இருந்தா?"

"கம்முனு இரு. நான் இருக்கேன்ல."

மாமா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு கனகம்பீரமாக உட்கார்ந்திருந்தார். எனக்குக் குளிரில் கை மரத்துப்போனது. சாப்பிட்டாலாவது சூடு வரும் என்று டப்பாவைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு நாய் குரைத்தது. நான் துள்ளிய துள்ளலில் டப்பா பரணைத் தாண்டிப் பறந்து, கீழே ஒரு பாறைமேல் விழுந்து, புளியோதரை அத்தனையும் பாசிமேல் கொட்டிவிட்டது. வறுத்த நிலக்கடலையும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை அந்த ஜெர்மன் காட்டுக்குள் பரவிற்று.

காட்டில் அதை முதலில் கண்டுபிடித்தது ஒரு பன்றி.

புதரிலிருந்து ஒரு கறுப்புப் பாறை நகர்ந்து வருவது மாதிரி வந்தது. அம்பாஸடர் கதையில் மாமா மிகைப்படுத்தவே இல்லை என்று அந்தக் கணத்தில் நம்பினேன். அது எங்கள் பரணுக்கு நேர்கீழே வந்து நின்று, முகர்ந்து, அம்மாவின் புளியோதரையைச் சத்தம் போட்டுத் தின்னத் தொடங்கியது. மாமா துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்தார். கல்யாணம் எங்கள் காலடியில் நின்று சோறு தின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் புதருக்குள்ளிருந்து குட்டிகள் வந்தன. ஐந்தோ ஆறோ, முதுகில் கோடு போட்ட சின்னச் சின்னக் குட்டிகள். தாய்ப்பன்றி. மாமாவுக்கு அந்த விதி தெரியாது, நான்தான் சொல்லவில்லையே!

இந்த இடத்தில், சட்டத்தைக் காப்பாற்றுவதற்காக மாமாவைத் தடுத்தேன் என்று பல காலம் பலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நடந்தது அதுவல்ல. அந்தப் பன்றி தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தது. பதினோரு படிகளும் என் கண்முன் ஒரே படியாகிவிட்டன. நான் மாமாவின் வலது கையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, முழங்கைக்கு மேலே கோட்டைப் பல்லால் கவ்விக்கொண்டேன். கத்தியிருப்பேன். வாயில் கோட்டுத்துணி இருந்ததால் கத்த முடியவில்லை. என் உடம்பு ஆடியதில் பரணே ஆடியது. மாமா என்னை உதறவும் இல்லை, திட்டவும் இல்லை. துப்பாக்கியைத் தோளில் வைத்தபடி அப்படியே இருந்தார். எவ்வளவு நேரமோ தெரியாது, புளியோதரை தீரும்வரை. பிறகு பன்றி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, மூக்கைத் துடைக்காமலே போய்விட்டது.

"போச்சு" என்றார் மாமா, மெதுவாக.

நான் அழத் தொடங்கினேன். மாமாவின் கல்யாணம் என்னால் நின்றுபோயிற்று என்பதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு அறிவிருந்தது.

கொம்பு ஊதியது. அடுத்த நிமிடம் எதிரிலிருந்த மரத்துக்குப் பின்னாலிருந்து ஃபோர்ஸ்டரே வெளியே வந்தார். பரண்களைப் பார்த்துவரப் புறப்பட்டவர், எல்லாவற்றையும் அங்கே நின்று பார்த்திருக்கிறார். முகம் சிவந்திருந்தது. குளிராலா, கோபத்தாலா என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இறங்கியதும் தோட்டாக்களுக்காகக் கையை நீட்டினார். மாமா உள்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். விரல்கள் விறைத்திருந்ததால் முடிச்சை அவிழ்க்க அவரால் முடியவில்லை. நான் வாங்கிப் பல்லால் இழுத்து அவிழ்த்துக் கொடுத்தேன். ஏதாவது ஒரு விதத்தில் உதவியாக இருக்க வேண்டுமே என்ற தவிப்பு. ஃபோர்ஸ்டர் அந்த மூன்று தோட்டாக்களையும் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மீசை ஒரு முறை மேலே போய்க் கீழே வந்தது. பிறகு குனிந்து என் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். கழுவி வைத்ததுபோல் இருந்தது.

மாலைக்குள் திடலில் அன்று விழுந்த பன்றிகளைத் தேவதாரு இலைமேல் வரிசையாகக் கிடத்தினார்கள். கொம்பு ஊதினார்கள். சுட்டவர் ஒவ்வொருவருக்கும் ஃபோர்ஸ்டர் ஒரு சிறு பச்சைக் கொப்பைத் தொப்பியில் வைத்துக் கொடுத்தார். அது சுட்டவருக்கு மட்டும் செய்யும் மரியாதை. கடைசியில், பன்றி எதுவும் இல்லாத எங்கள் முன்னால் வந்து நின்றார். இந்த மனிதர் தாயையும் குட்டிகளையும் பத்தடியில் கண்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்தும் விரலை அசைக்காதவர், இப்படி ஒரு நிதானத்தை இந்த வருடம் தான் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மாமாவுக்கும் ஒரு கொப்பு கிடைத்தது. ஒருவர் படம் எடுத்தார்.

"என்ன சாமி சொல்றாரு?"

"நல்லவராம் நீங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மாமா."

வீட்டில் அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார். "எல்லாத்தையும் தின்னுட்டியா?"

"ஒரு பருக்கை மிச்சமில்லம்மா" என்றேன். பொய்யில்லை.

அந்தப் படத்தோடு மாமா ஆனைமலைக்கு எழுதிய கடிதம் ஆறு பக்கம் இருந்தது. அதில் நானும் இல்லை, புளியோதரையும் இல்லை. மூன்று வாரத்தில் பதில் வந்தது, இரண்டே வரி. தாயைச் சுடாத மாப்பிள்ளையிடம் பெண்ணை நம்பிக் கொடுக்கலாம், தை மாதத்தில் முகூர்த்தம் இருக்கிறது. பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்று மாமாவின் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் தொங்குகிறது. தொப்பியில் கொப்போடு மாமா, பக்கத்தில் அழுது வீங்கிய முகத்தோடு நான். வருகிறவர்களிடம் மாமா கதை சொல்வார். பன்றி இப்போது லாரி அளவு வந்துவிட்டது. கதையில் என் பங்கை மட்டும் அவர் ஒருபோதும் சொன்னதில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காத பெருந்தன்மை என்று இருபது வருடம் அவரைக் கொண்டாடினேன். குண்டு பாயாமல் தடுத்தவன் நான்தானே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகு ஒரு நாள்தான் அந்தக் கைக்குட்டை நினைவுக்கு வந்தது: கீழே நின்று கட்டிய அதே இரட்டை முடிச்சு. மேலே போய் அவிழ்க்கவே இல்லை, துப்பாக்கி முழு நேரமும் காலி. மருமகன் பக்கத்தில் இருக்கிறான் என்பதாலா, கிளி விரட்டிய கை உதறியதாலா, மாமா சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. ஃபோர்ஸ்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த முடிச்சைப் பல்லால் அவிழ்த்தபோது எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: மாமா எவ்வளவு இறுக்கமாக முடிச்சுப் போடுகிறார்!