பட்டியலின் பின்பக்கம்

அந்தக் காகிதத்தின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை இருக்கும். ஒரு பட்டை பச்சை, ஒரு பட்டை வெள்ளை என்று கோடு ஓடும். முன்பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். நான் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் ஆலையில் கம்ப்யூட்டர் அறையைக் கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தேன். படிப்பு அஞ்சாம் வகுப்பு. அந்த அறையில் இருந்தவரைக் கம்ப்யூட்டர் சார் என்றுதான் ஆலையே கூப்பிடும். என்னைவிட நாலைந்து வயது இளையவர், என்னை யக்கா என்பார். பழைய தாள்களை மூட்டையாகக் கட்டும்போது ஒரு நாள், "இத எதுக்கு எரிக்கணும்? ஒங்க மக பின்னால கணக்குப் போட்டுப் பழகட்டும், கொண்டு போங்க யக்கா" என்றார். ரெண்டு வருஷம் அப்படித்தான் கொண்டு போனேன். பந்தல்குடியில் என் மகளுக்கு நோட்டு வாங்கும் செலவு குறைந்தது. வேறு யாரிடமும் முகம் பார்த்துப் பேசக் கூசுகிற நான், அவரிடம் மட்டும் ரெண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவேன்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பீரோ பீரோவாக நிற்கும். ஆலைக்கே அது ஒன்றுதான். பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி, நூல் அனுப்புகிற இடம், ஆபீஸ் எல்லாரும் அவரவர் இடத்தில் ஒரு திரையை வைத்துக்கொண்டு இந்த ஒன்றில்தான் எழுதுவார்கள். எல்லாரும் எழுதி முடித்தார்களா என்று கேட்டுவிட்டுத்தான் அணைக்க வேண்டும். சாரே எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆயுத பூசையன்று அது தவறியது. முதல் நாளே அறையைக் காலி செய்து, இருந்த தாளையெல்லாம் எனக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். பூசையன்று ராகு காலம் நெருங்குகிறது, மேனேஜர் படியேறி வருகிறார், ஆயுதம் எல்லாம் ஓய்ந்திருக்க வேண்டும். கிட்டங்கியில் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள். சார் யாரையும் கேட்காமல் மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டுச் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். நான் அப்போது கதவில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தது நான் ஒருத்திதான்.

லீவு முடிந்து வந்து போட்டால் மிஷின் ஓடுகிறது, உள்ளே இருந்த ஒன்றையும் காட்டவில்லை. டைரக்டரி போய்விட்டது என்றார் சார். என்னவென்று கேட்டேன். "நெலமெல்லாம் அப்படியே கெடக்கு யக்கா. கர்ணம் வச்சிருந்த அடங்கல் கிழிஞ்சு போச்சு. எது யாரு புஞ்சைன்னு இனி எப்படிச் சொல்ல?" திருச்சுழிப் பக்கம் புஞ்சைக்காட்டில் பிறந்த எனக்கு அது நன்றாகப் புரிந்தது. டேப்பில் ஒரு நகல் வைத்திருந்தாராம், அதையும் மிஷின் படிக்கவில்லை. இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். "சுவிட்சு அணைச்சத நீங்க பாத்தீக. யார்ட்டயும் சொல்லிராதீக. சீட்டக் கிழிச்சிருவாக யக்கா, பச்சப்புள்ளய வச்சிருக்கேன்." சொல்லவே மாட்டேன் என்றேன். அதோடு நில்லாமல், "சனிக்கெழம தோறும் ஒரு பட்டியல் அடிப்பீகளே, அதுவும் அந்தக் கட்டுல வந்திருக்கு சார், எங்க வீட்லதான் கெடக்கு" என்றும் சொன்னேன்.

உடனே பஸ்ஸேறிப் போய் எடுத்து வந்தேன். எந்த விவரம் டிஸ்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதில் இருந்தது. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எண் எனக்குத் தெரியும். நான் ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, அவர் தட்டினார். சாயங்காலத்துக்குள் ஏறக்குறைய எல்லாம் திரும்பி வந்துவிட்டது. "நீங்க என் கொலசாமி யக்கா" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மேனேஜர் வந்து சாரின் தோளைத் தட்டினார். மேசையில் கிடந்த பட்டியலை எடுத்தவர், திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் என் மகளின் பெருக்கல் கணக்கு. "மில்லுக் காகிதத்துல யாரு புள்ள கணக்குப் போட்டிருக்கு?" என்றார். நான் சாரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "தெரியல சார். எரிக்கச் சொல்லித்தான் இவுககிட்டக் குடுத்தேன்" என்றார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "என்னம்மா?" என்றார். வாயைத் திறந்திருந்தால் சுவிட்சும் சேர்ந்து வெளியே வந்திருக்கும். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கூச்சமும் நாக்கைப் பிடித்துக்கொண்டது. தலையைக் குனிந்து நின்றேன். நான் திருடினேன் என்பதற்குக் குனிந்த தலையே போதுமென்று ஆகிவிட்டது.

கழிவுப் பஞ்சு பொறுக்குகிற பக்கம் மாற்றினார்கள். அதைவிட, வேலை விடும் நேரம்தான் பெரிய கொடுமை. மற்ற பெண்கள் நடந்து போவார்கள், என் தூக்குவாளியை மட்டும் வாட்ச்மேன் திறந்து பார்ப்பான். "ஏம்மா, உள்ள மிஷினு கிஷினு இருக்கா?" என்பான், வரிசையே சிரிக்கும். விலகும்வரை அப்படித்தான். என் மகள் ஒருமுறை, "நாம திருடுனமாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன், அவள் நம்பியது மாதிரித் தெரியவில்லை. சார் எதிரில் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பச்சைப் பிள்ளைக்காரர், பயந்துவிட்டார் என்று ஆற்றிக்கொண்டேன். காலம் போகப் போக, அவருக்கு இதெல்லாம் மறந்தே போயிருக்கும், மறந்தவரை எதற்குக் குற்றம் சொல்ல என்று ஆற்றிக்கொண்டேன்.

போன மாதம் பென்சனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று விரல் வைக்கப் போனேன். சர்வர் வேலை செய்யவில்லை, உட்காருங்கள் என்றார்கள். முன் பெஞ்சில் அவர். தலை முழுக்க வெள்ளை. ஆலையில் என்னோடு பஞ்சு பொறுக்கியவர்கள் நாலைந்து பேரும் காத்திருந்தார்கள். "இதெல்லாம் ஒரு ரிப்பேரா? எங்க காலத்துல டைரக்டரியே போயி, தனி ஆளா ஒக்காந்து ஞாபகத்துலயே திரும்பக் கட்டுனேன்" என்று கம்ப்யூட்டர்காரப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுந்துவிட்டேன். "பட்டியல் எங்க வீட்ல இருந்துல்ல வந்துச்சு சார். அந்தக் காகிதத்த நீங்கதான எனக்குக் குடுத்தீக?" பெஞ்சிலிருந்த எல்லாரும் திரும்பினார்கள்.

அவர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். யாரென்று யோசிக்கக்கூட இல்லை. சிரித்தபடியே, "அட, அத இன்னுமா மனசுல வச்சிருக்கீக யக்கா?" என்றார். பஞ்சு பொறுக்கியவர்கள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சர்வர் வந்துவிட்டது, அவர் விரல் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. என் தூக்குவாளி திறக்கப்பட்ட ஒவ்வொரு சாயங்காலமும் ஞாபகம் இருந்திருக்கிறது.