கட்டிலைத் தொடாதீங்க தம்பி

முதலிரவு அறைக்குப் பூ அலங்காரம் செய்யும் தொழிலில் ஒரே ஒரு சங்கடம்தான்: செய்கிறவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். இது தொழிலில் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மலேசியாவின் கேமரன் மலையில், திரிங்காப்பில் சின்னதாய் ஒரு பூத்தோட்டம் இருந்தது. பழைய வேன் ஒன்று இருந்தது. காம்பு குட்டை என்று பூ வாங்கிப் போகும் லோரிக்காரர் தள்ளிவிட்ட சாமந்தி கூடை கூடையாகக் கிடந்தது. மனைவிதான் இல்லை. நாற்பதை எட்டியும், கல்யாணப் பந்தியில் "உங்களுக்கு எப்போ?" என்ற கேள்விக்குப் பாயசத்தைப் பார்த்துப் பல்லிளிக்கும் அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

வாசலிலிருந்து வரைந்த இதயம்

முதல் வேலை தேயிலைத் தோட்டத்துக் கங்காணி வீட்டில். அவர் மனைவி பார்வதி அக்காவைக் கேட்காமல் அந்த எஸ்டேட்டில் ஒரு தாம்பூலத் தட்டுகூட நகராது. அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம். கூடையோடு அறைக்குள் போய் விரிப்பில் கை வைக்கப் போனேன். "தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்றார். இல்லை என்றேன். அவ்வளவுதான், கூடையைப் பிடுங்கிக்கொண்டார். கட்டிலை விரிப்பதும் பூப் போடுவதும் சுமங்கலி கையால்தான் நடக்க வேண்டுமாம்.

பிறகென்ன, நான் வாசலில் நின்று "கொஞ்சம் இடது பக்கம் அக்கா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்ல, அவர் விரிப்பில் பூவால் இதயம் வரைந்தார். அது பூசணிக்காய் மாதிரி வந்தது. வந்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் பாராட்டினார்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அக்கா சமாதானம் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க தம்பி, பூ உங்களோடது, கட்டில் எங்களோடது. கை மட்டும் வாசல்லயே நிக்கட்டும் லா!"

கேட்ட கேள்வியும் கேட்காத கேள்வியும்

இது சரிப்படாது என்று ஓர் உதவியாளரைத் தேடினேன். பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் பூப் பண்ணையொன்றில் வேலை பார்த்த செல்வி கிடைத்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சரம் கட்டும் வேகத்தைப் பார்த்து, இனி எனக்கு விடிவுகாலம் என்று நம்பினேன்.

அடுத்த கல்யாணமும் அதே எஸ்டேட்டில்தான். தொழிலாளர் லைன் வீட்டு அறைக்குள் செல்வியை அனுப்பிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிவதற்குள் பார்வதி அக்கா அவளை வெளியே கூட்டி வந்துவிட்டார். செல்வியின் கணவர் இறந்து போய்ச் சில வருடங்கள் ஆகின்றனவாம். ஆக, முதலிரவு அறை அலங்கரிக்க ஒரு பிரம்மச்சாரியும் ஒரு விதவையும் வேனில் கிளம்பி வந்திருக்கிறோம்! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றது எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கோபத்தில் அவளிடமே எரிந்து விழுந்தேன், முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று.

அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "பூக் கட்டத் தெரியுமான்னு கேட்டீங்க, தெரியும்னேன். புருஷன் இருக்காரான்னு நீங்க கேக்கவே இல்லையே."

ஈரமான அதிர்ஷ்டம்

தமிழர் வீடுதானே சிக்கல், சீனர் வீட்டுக்குப் போவோம் என்று திரிங்காப் காய்கறித் தோட்டக்காரர் ஒருவரின் வீட்டுக் கல்யாண வேலையை எடுத்தேன். அவருடைய வயதான அம்மா எங்களைப் பார்த்ததும் மலாயில் கேட்ட முதல் கேள்வி, கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுதான்! அங்கே சட்டம் இன்னும் கடுமை. கணவன், பிள்ளைகள், பெற்றோர் என்று எல்லா பாக்கியமும் உள்ள பெண்தான் மெத்தையை விரிக்கலாம். நானும் செல்வியும் சேர்ந்து நின்றாலும் பாதிகூடத் தேறவில்லை.

நாங்கள் வாசலில் நிற்க, பாக்கியசாலி அம்மாள் ஒருவர் எங்கள் சிவப்பு ரோஜா இதழ்களை அழகாகப் பரப்பினார். அடுத்து ஒரு குண்டுக் குழந்தையைக் கொண்டுவந்து மெத்தையில் உருட்டினார்கள். ஆண் குழந்தை உருண்டால் அந்தக் கட்டிலில் ஆண் வாரிசு பிறக்குமாம். உருண்டது. சிரித்தது. ரோஜா இதழ் அத்தனையும் நனைய மூத்திரம் பெய்தது. நான் தலையில் கை வைத்தேன். வீடே கை தட்டியது. புது இதழ் கொண்டுவரட்டுமா என்று கேட்ட என்னை அந்தப் பாட்டி விரட்டாத குறைதான்: "எதையும் மாத்தாதே! ரொம்ப ஓங் லா, ரொம்ப அதிர்ஷ்டம்!"

முதன்முதலாகத் தொட்ட கட்டில்

அதன்பின் ஒரு வெள்ளைக்காரப் புதுமணத் தம்பதி தேயிலை மலை பார்க்க வந்து பங்களாவில் அறை எடுத்தார்கள். ஒரு கேள்வியும் கிடையாது. நானும் செல்வியும் ஆளுக்கொரு முனை பிடித்து விரிப்பை விரித்தோம். தங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு நிலைப்படி தாண்டினார். நிலை தாழ்வு, பெண் உயரம். நெற்றி இடித்துக்கொண்டது. செல்வி ஓடிப்போய் ஐஸ் கொண்டுவந்து ஒத்தடம் கொடுத்தாள். வலியிலும் அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்துச் சொன்னாள்: "பொருத்தமான ஜோடி நீங்கள். கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகிவிட்டதா?"

கட்டிலுக்கு அடியில்

மலாக்காவிலிருந்து, சீன வழக்கமும் மலாய் வழக்கமும் கலந்த ஒரு நியோன்யா குடும்பம் வந்து கியா பார்ம் பக்கம் வீடு எடுத்துக் கல்யாணம் நடத்தியது. அவர்கள் வழக்கம், கட்டிலுக்கு அடியில் ஒரு சேவலையும் ஒரு பெட்டையையும் விடுவது. சேவல் முதலில் வெளியே வந்தால் ஆண் குழந்தை, பெட்டை வந்தால் பெண் குழந்தை. மலாக்கா வெயிலில் வளர்ந்த கோழிகள் அவை. கேமரன் குளிரில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தவை அசையவே இல்லை. விரட்டக் கூடாது, கட்டிலை நகர்த்தவும் கூடாது, தானாக வர வேண்டும். வீடு முழுக்கக் குனிந்து பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்கள்.

அங்கேயும் கட்டிலைத் தொடத்தான் எங்களுக்குத் தடை, அடியில் போகத் தடையில்லை. இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் செல்வியும் குப்புறப் படுத்துக்கொண்டு அரிசியைக் காட்டிக் கெஞ்சினோம். கடைசியில் இரண்டும் சேர்ந்தே வெளியே நடந்தன. ஆணா பெண்ணா என்று வெளியே பெரிய வாக்குவாதம். நாங்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை. தலையில் கோழி இறகோடு செல்வி மெதுவாகச் சொன்னாள்: "இங்க மட்டும் யாரும் நம்மள வெளிய போங்கன்னு சொல்லல, பாத்தீங்களா?"

அதே கை

கட்டிலுக்கு அடியில் பேசி முடித்த கல்யாணம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். எங்கள் கட்டிலையாவது எங்கள் கையால் விரிப்பது என்று முடிவு செய்தோம். தாலி கட்டி வீட்டுக்கு வந்தால், பார்வதி அக்கா எங்களுக்கு முன்னால் வந்து அறைவாசலில் நிற்கிறார். பெண்ணும் மாப்பிள்ளையும் முன்கூட்டியே கட்டிலைத் தொடக் கூடாதாம்! மறுபடியும் கூடையோடு வாசலில் நின்றோம். செல்விக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அது வெறும் சிரிப்புத் தண்ணீர் இல்லை என்று புரிந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அக்கா எங்கள் வீடு தேடி வந்தார். இளைய மகளுக்குக் கல்யாணம். நிறைஞ்ச சுமங்கலி, கைராசிக்காரி, செல்விதான் வந்து கட்டில் விரிக்க வேண்டுமாம். செல்வி அவசரப்படவில்லை. இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள்: "நல்லாப் பாத்துக்குங்க அக்கா. அன்னைக்கு நீங்க வெளிய அனுப்பின அதே கைதான், பரவாயில்லையா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கைகளைப் பிடித்துக் கூட்டிப் போக, கல்யாண வீட்டில் செல்வி கட்டிலை விரித்தாள். நான் பழக்க தோஷத்தில் வாசலிலேயே நின்று "கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.