மேளம் தட்டக் கூடாது

இன்று மலேசியாவின் கிள்ளானில், என் நான்காம் படிவ வரலாற்று வகுப்புக்கு ஒரு பழைய பலகையின் படத்தைக் கொண்டுபோனேன். எப்போதோ மூடிவிட்ட ரப்பர் ஆலை ஒன்றில் மாட்டியிருந்தது. வேலை நேரத்தில் பாடவோ மேளம் தட்டவோ கூடாது என்று தமிழில் எழுதியிருக்கிறது.

“அப்ப அங்க பாட்டே இல்ல டீச்சர்,” என்றான் தினேஷ்.

யாழினி விடவில்லை. “பாடாத ஆளுக்கு யாரு லா போர்டு மாட்டுவா? நல்லா பாடியிருக்காங்க. அதான் மாட்டியிருக்கான்.”

அந்த வாசகத்தையே பாட்டாக்குங்கள் என்றேன். தினேஷ் கோயில் உறுமி மேளக் குழுவில் வாசிப்பவன். நேற்றே சொல்லிவைத்திருந்ததால் உறுமியோடு வந்திருந்தான். மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். வகுப்பே அதிர்ந்தது.

ஓய்வு நேரம் முடிந்து வந்தால், கட்டொழுங்கு ஆசிரியர் எங்கள் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: வகுப்பு நேரத்தில் மேளம் தட்டக் கூடாது.

எரிச்சலில் கிழிக்கப் போனேன். யாழினி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் டீச்சர். நாம பாடினதுக்கு அதான் ஆதாரம்.”

தாள் கதவிலேயே இருக்கிறது. அந்தப் பாட்டை மறுபடி பாடிப் பழகத்தான் இடம் இல்லை. உறுமிச் சத்தத்துக்குச் சண்டைக்கு வராத பக்கத்து வீட்டுக்காரர்கள் யாருக்காவது இருந்தால் கீழே கருத்தில் சொல்லுங்கள்.